பாடி மட்டும்

நைட் டூட்டி முடிந்து
ஆசாரிப்பள்ளத்தில் பஸ் ஏறியதும் போன் வந்தது.
"ஆமா, பாடி மட்டும் போதும்.
மத்ததெல்லாம் எங்கிட்ட இருக்கு.
இன்னைக்கே வந்து எடுத்துக்கிடுதேன்."
பக்கத்துச் சீட்டுக்காரி
மரச்சீனிக் கிழங்குப் பையை
மெல்லத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.
ஆஸ்பத்திரிச் சீருடை வேறு போட்டிருந்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து,
"யாரு மக்களே, சொந்தமா?"
கேமரா என்று சொல்ல வாயெடுத்தேன்,
அதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது.
தலையை மட்டும் ஆட்டினேன்.

சொந்தம்தான், பதினோரு வருஷம்.
முட்டத்துப் பாறையில் ஏறிவந்த அலை
என்னை விட்டுவிட்டு அதை நனைத்தது.
துடைத்தேன், அரிசியில் புதைத்தேன்.
ஒரு வாரம் ஒழுங்காக ஓடி நம்பவைத்தது.
பிறகு இருபத்து மூன்றாம் படத்தில்
மேலே போன கண்ணாடி இறங்கவில்லை.
உப்பு அவசரப்படாது.

குளச்சலில் பெனிட்டோவுக்கு
வள்ளத்து எஞ்சின் சாமான் கடை.
புரொப்பல்லருக்கும் கிரீஸ் டப்பாவுக்கும் நடுவே
பழந்துணி விரித்து மூன்று வைத்திருந்தான்.
"இது பஹ்ரைன் சரக்காக்கும், கீறலே கெடையாது."
அழகுதான்.
ஆனால் பேட்டரி செத்தால் இதுவும் செத்துப்போகும்.
வெண்டிலேட்டர் கேஸ்கள்
எனக்கு டூட்டியிலேயே போதும்.

அடுத்ததன் திருகுத் தலைகளில்
பச்சை பூத்திருந்தது.
"இது எந்தக் கரை?"
"கடியபட்டணம்" என்றான்,
பொய் சொல்லத் தெரியாதவன்.
முட்டத்துக்குப் பக்கத்து உப்பு. திருப்பி வைத்தேன்.

கடைசியதற்கு நெற்றியில் ஒரு குழி.
ஓரமெல்லாம் கறுப்பு போய்ப் பித்தளை.
சுருளைத் திருப்பும் கைப்பிடி இல்லை.
மீட்டர் முள் எந்த வெயிலுக்கும் எழுந்திருக்கவில்லை.
பின்கதவைத் திறந்தால்
ஓரத்துப் பஞ்சு தாராகி விரலில் ஒட்டியது.
வாசலைப் பார்க்கப் பிடித்து
ஒரு செகண்டில் வைத்து அழுத்தினேன்.
திரை ஒதுங்கியது:
ஐஸ்பெட்டி கட்டிய ஸ்கூட்டர்,
குடையை விரிக்கலாமா என்று நிற்கும் கன்னியாஸ்திரீ.
மூடிக்கொண்டது.
மறுபடி அழுத்தினேன்.
ஸ்கூட்டர் இல்லை. குடை விரிந்திருந்தது.
சுருளில்லாத பெட்டிக்குள் வந்தவர்கள்
எதிலும் ஒட்டாமல் போய்விட்டார்கள்.
ஆயிரத்தில் ஒரு பங்கில்
வெறும் வெளிச்சம் வெட்டியது.
அப்படித்தான் வெட்டவேண்டும்.

கதவை மூடித் தடவும்போதுதான் பார்த்தேன்,
வலப்பக்கம், பெருவிரல் நிற்கும் இடத்துக்குச் சற்று உள்ளே
கறுப்புத் தோல் வழவழவென்று தேய்ந்திருந்தது.
மூக்கு.
இடது கண்ணால் பார்க்கிற யாரோ ஒருவரின் மூக்கு.
என் பழையதிலும் அதே இடம்தான்.
கல்யாணப் படம் எடுக்கிற அத்தான் அனிஷ்
என்னைப் பார்க்கும்போதெல்லாம்
"கேமராவத் தப்பாப் பிடிக்கிய" என்பான்.
இன்னொருவரும் தப்பாகவே பிடித்திருக்கிறார்,
வருஷக்கணக்காக.

"இத ஆருட்ட வாங்கினிய?"
"ஆக்கர் கடையில, எடைக்கு. ஆளு தெரியாது."
தெரிந்து என்ன செய்ய?
மூக்கின் அகலம் தெரிகிறது.

நாலாயிரம் சொன்னான்.
மீட்டரைக் காட்டி இரண்டாயிரத்து எண்ணூறுக்கு இறக்கினேன்.
குழியையும் காட்டியிருக்கலாம், மனசு வரவில்லை.

"பழையத என்ன செய்யப் போறிய?"
கறுப்புப் பைக்குள் இரண்டு கையையும் விட்டு,
கண் மூடவேண்டியதில்லை என்றாலும் மூடிக்கொண்டு,
அதன் வயிற்றிலிருந்த சுருளை எடுத்து டப்பாவில் அடைத்தேன்.
கைப்பிடியை அவன் கழற்றி இதில் மாட்டினான்.
ஒரே கம்பெனி, ஒரே மரை.
கொஞ்சம் முரண்டு பிடித்து ஏற்றுக்கொண்டது.
எங்கள் ஆஸ்பத்திரியில் இதற்கு
எத்தனையோ கையெழுத்து வேண்டும்.
பில்லில் "சாமான் 1" என்று எழுதினான்.

இடது கண்காரர்களுக்கு ஒரு தொல்லை:
ஒவ்வொரு படத்துக்கும் சுருளை நகர்த்தும்போது
லீவர் வலது புருவத்தில் இடிக்கும்.
கண்ணை எடுத்துவிட்டு நகர்த்தலாம்.
நான் எடுப்பதில்லை.
துறைமுகம் முழுக்க முப்பத்தாறு தடவை இடி வாங்கினேன்.

ராத்திரி வார்டில் ஷைனி சிஸ்டர்
டார்ச்சை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.
"புருவத்துல என்ன, செவந்து கெடக்கு?"
"பாடி பட்டது."
"முகம் கழுவினியா?" என்றாள்.